படகின் விலையும் படகின் செலவும்

நமது எழுத்துகளில் படகு பெரும்பாலும் ஒரு குறியீடாகவே வருகிறது. கவிதைகளில் அது கரை தேடுகிறது. நினைவுக் குறிப்புகளில் இரவோடு இரவாக இராமேஸ்வரத்துக்குப் புறப்படுகிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி', வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கரால் வாங்கப்பட்டு, 1938 இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்ததைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தக் கப்பலின் கயிற்றுக்கும் பாய்க்கும் ஆண்டுதோறும் என்ன செலவானது என்று நம்மில் எவரும் கேட்டதை நான் கண்டதில்லை. எழுதுகிறவர்களும் கடற்றொழில் செய்கிறவர்களும் பெரும்பாலும் வேறு வேறு சமூகங்களாக இருந்த நமது சாதிய ஒழுங்குக்கு இதில் பங்குண்டு. கடலைப் பாடத் தெரிந்த அளவுக்குக் கடலின் கணக்கு நமக்குத் தெரியாது.

சன்னிவேலில் எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரே காலத்தில் இரண்டு யோசனைகள் எழுந்தன. ஐந்து பேர் சேர்ந்து ஒரு பழைய பாய்ப்படகு வாங்குவது ஒன்று. வடக்கிலுள்ள ஒரு மீனவக் கிராமத்துக்குப் படகுகள் வாங்கிக் கொடுக்கப் பணம் சேர்ப்பது மற்றது. இரண்டிலும் முதலில் எழுந்த கேள்வி ஒன்றே: 'படகு என்ன விலை?' இந்தக் கேள்வியே பிழையானது என்பதைக் காட்டுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தண்ணீரைப் பற்றி. சன்னிவேல் குடாவின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கு படகுத்துறை இல்லை, உப்பளக் குளங்களும் மண் அணைகளும்தான் உண்டு. அருகிலுள்ள அல்விசோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்குடாவின் துறைமுகமாக இருந்தது. 1864 இல் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹொசேக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியதும் அதன் முக்கியத்துவம் சரிந்தது. பின்னாளில் அதன் படகுத்துறையும் சேற்றால் நிரம்பிப்போனது. 2010 இல் அங்கு மீண்டும் ஒரு படகு இறக்குதளம் திறக்கப்பட்டது. பாலோ அல்ற்றோவின் படகுத்துறை 1986 இல் மூடப்பட்டது. அங்கும் வழக்கு சேற்றோடுதான். தூர்வாரும் செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. படகுக்குச் சொந்தக்காரர் தனியாளாக இருக்கலாம். ஆனால் அது மிதப்பதற்கான ஆழத்தை யாரோ பொதுச்செலவில் தோண்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே நாங்கள் றெட்வூட் சிற்றியையோ, மலையைக் கடந்து சாந்தா குறூஸையோதான் நாடவேண்டும்.

இனிக் கணக்கு. நண்பர்கள் பார்த்தது 27 அடி நீளமான, நாற்பது ஆண்டு பழைமையான நார்க்கண்ணாடிப் படகு. விலை 8,000 டொலர். 'ஆளுக்கு ஆயிரத்து அறுநூறுதானே அண்ணை' என்றார் ஒருவர். படகுக்காரரிடையே ஒரு வாய்ப்பாடு வழங்குகிறது: படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுச் செலவு என்பது. அதன்படி 800 டொலர். இந்த வாய்ப்பாடு புதிய படகுக்கு ஓரளவு பொருந்தலாம். பழைய படகுக்குப் பொருந்தாது. ஏனெனில் படகின் விலை வயதோடு விழுகிறது. செலவோ படகின் நீளத்தோடு போகிறது. துறையில் நிறுத்தும் வாடகை அடிக்கணக்கு. அடிப்புறம் சுரண்டும் சுழியோடியின் கூலி அடிக்கணக்கு. கரையேற்றிப் பூச்சுப் பூசுவதும் அடிக்கணக்கு. படகு 8,000 டொலரா 80,000 டொலரா என்று இவர்கள் எவரும் கேட்பதில்லை.

எடுத்துக்காட்டாக, வாடகை அடிக்கு மாதம் 15 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 27 அடிக்கு ஆண்டொன்றுக்கு 4,860 டொலர். உப்புநீரில் கிடக்கும் படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டும். அதைச் சுரண்ட 650. மூன்றாண்டுக்கு ஒருமுறை கரையேற்றி, அவை ஒட்டாமல் தடுக்கும் செப்புப் பூச்சைப் பூச 3,000 என்றால் ஆண்டுக்கு 1,000. காப்புறுதி 500. கலிபோர்னியாவில் படகுக்குச் சொத்துவரியும் உண்டு. ஜனவரி 1 அன்றுள்ள பெறுமதியின்மேல் மாவட்ட நிர்வாகம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று அறவிடும். அதற்கு 100. இறுதியாக, பலரும் எழுத மறக்கும் வரி: பாய், இயந்திரம், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிவடங்கள் ஆகியவற்றுக்கான ஒதுக்கம். கம்பிவடங்கள் ஒவ்வோர் ஆண்டும் அறுவதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்றவேண்டியவை. ஆனால் ஆண்டுதோறும் தேய்கின்றன. அந்தத் தேய்வுக்கு 1,200. மொத்தம் 8,310 டொலர்.

அதாவது ஒவ்வோர் ஆண்டும் அந்தப் படகை மீண்டும் ஒருமுறை வாங்குகிறோம். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,662. மாதத்துக்கு 138 டொலர் 50 சதம். இதைத் தாங்க முடியாதென்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு இருபது நாள் கடலுக்குப் போனால் ஒரு நாளுக்கு 415 டொலர் 50 சதமாகும் என்பதை அறிந்துகொண்டு வாங்கவேண்டும் என்கிறேன்.

இவற்றைவிட, வாங்கும்போதே ஒருமுறை வரும் செலவுகளும் உண்டு. தனியாரிடம் வாங்கினாலும் பதிவின்போது வரி கட்டவேண்டும். வாங்குமுன் படகைக் கரையேற்றிப் பரிசோதிப்பவருக்குக் கூலி கொடுக்கவேண்டும். பழைய படகுக்கு அவரது அறிக்கை இல்லாமல் காப்புறுதி கிடைப்பதும் கடினம். 2025 ஜனவரி 1 முதல், இயந்திரம் பூட்டிய படகை ஓட்டும் எவரும் மாநிலத்தின் படகோட்டி அட்டை வைத்திருக்கவேண்டும்.

'இலவசப் படகு' என்ற அறிவித்தல்களைக் கண்டு மயங்குவோருக்கும் ஒரு வார்த்தை. நார்க்கண்ணாடி உக்குவதில்லை. படகை உடைத்து அகற்றுவதற்கும் பணம் வேண்டும். கைவிடப்படும் படகுகள் தொல்லையாகிவிட்டபடியால்தான், வேண்டாத படகை ஒப்படைப்பதற்கென்றே கலிபோர்னியா ஒரு திட்டம் நடத்துகிறது. இலவசமாகப் படகைத் தருபவர் பல வேளைகளில் தன் கடைசிச் செலவை நமது தலையில் இறக்குகிறார்.

இப்போது இரண்டாவது யோசனைக்கு வருவோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிறுவனங்கள் போட்டிபோட்டுக்கொண்டு படகு கொடுத்தன. படகு புகைப்படத்தில் அழகாக விழும். கொடுத்தவரின் பெயரை அணியத்தில் எழுதலாம். விளைவாக இலங்கையில் சில கரைகளில் முன்பிருந்ததைவிட அதிகமான படகுகள் குவிந்தன, தரமற்றவையும் கலந்திருந்தன. வலையும் இயந்திரமும் இல்லாத படகு தொழிலாகாது. வெயிலில் கிடந்து வெடிக்கும்.

வலையும் இயந்திரமும் கொடுத்தாலும் கணக்கு முடிவதில்லை. வடக்கின் சிறு படகுகளில் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. ஒரு நாள் தொழிலுக்கு 20 லீற்றர் என்று கொண்டால், 1,740 ரூபா 6,800 ரூபா ஆயிற்று. பின்னர் குறைந்தாலும் பழைய விலை திரும்பவில்லை. மேலும், இந்திய இழுவைப் படகுகள் ஓரிரவில் அறுத்துச் செல்லும் வலையை எந்தத் தேய்மானக் கணக்கில் எழுதுவது? இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தும், அந்த இழப்பு மீனவரின் கணக்கிலேயே விழுகிறது.

இந்த இடைவெளியை நிரப்புபவர் முற்பணம் கொடுக்கும் வியாபாரியோ சம்மாட்டியோ. எண்ணெய்க்கும் வலைக்கும் கடன் வாங்கியவர், பிடித்த மீனைக் கடன் கொடுத்தவருக்கே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்கவேண்டியவராகிறார். பிடிபாட்டைப் பங்கிடும் முறை இடத்துக்கு இடம் வேறுபடும். ஆயினும் பொதுவாக முதலில் எண்ணெய்ச் செலவு கழிகிறது, பிறகு படகுக்கும் வலைக்கும் பங்கு போகிறது, மிஞ்சியதே உழைப்புக்கு. செலவு ஏறும்போது முதலில் சுருங்குவது கூலியாளின் பங்கு. நாம் கொடுத்த படகு, ஒருவரைக் கடனிலிருந்து மீட்பதற்குப் பதிலாகப் புதிய கடனுக்குள் இறக்கிவிடவும் கூடும்.

'அப்படியானால் எதுவுமே கொடுக்க வேண்டாமா?' என்று நண்பர்கள் கோபிப்பது எனக்குக் கேட்கிறது. கொடுப்போம். ஐந்து படகுக்குச் சேர்க்கும் பணத்தில் இரண்டு படகு வாங்கி, மீதியைக் கிராமத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் வலைக்கும் எண்ணெய்க்கும் இயந்திரத் திருத்தத்துக்குமான சுழல்நிதியாக வைப்போம். படகுதான் தேவையா என்பதையும் அவர்களே தீர்மானிக்கட்டும். அணியத்தில் நமது பெயர் இருக்காது. எண்ணெய்க்குக் கொடுத்த பணத்தைப் புகைப்படம் எடுக்கவும் முடியாது. இதற்கு நாம் உடன்படுவோமா என்பதே உண்மையான கேள்வி.

சன்னிவேலில் நமது கணக்குப் பிழைத்தால் படகை விற்றுவிட்டு வாரவிடுமுறையை வேறு வழியில் கழிக்கலாம். அங்கே பிழைத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியாது. எனவே நமது பாய்ப்படகுக்குச் சதம் சதமாகப் பார்த்த கணக்கை, அவர்களது படகுக்கு இன்னும் கவனமாகப் பார்க்கும் கடமை நமக்குண்டு. மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் தமது கணக்கோடு வரட்டும்.