வூ ஜியேபிங்: மீதமிருந்த சிறுநீரகத்தைக் காத்தவர்

சீனாவில் சிறுநீரக அறுவை சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்தெடுத்த முன்னோடிகளில் முதன்மையானவர் வூ ஜியேபிங். 1917இல் ஜியாங்சு மாகாணத்தின் சாங்சோ நகரில் பிறந்தார். பிள்ளைகள் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அது வீண்போகவில்லை, சகோதரர்கள் நால்வருமே டாக்டர்கள் ஆனார்கள்.

பீகிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே வூவுக்குச் சிறுநீரகத்தில் காசநோய் கண்டது. அவருடைய ஆசிரியர் ஷியே யுவான்ஃபூ அறுவை செய்து அந்தச் சிறுநீரகத்தை அகற்றினார். எஞ்சிய ஒற்றைச் சிறுநீரகத்தோடு வூ 94 வயது வரை வாழ்ந்தார். ஜப்பானியப் படை கல்லூரியை மூடிவிட்ட 1942ஆம் ஆண்டிலேயே அவர் பட்டமும் பெற்றார்.

1947இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று சார்லஸ் ஹக்கின்ஸிடம் பயிற்சி பெற்றார். புரோஸ்டேட் புற்றுநோயை ஹார்மோன் வழியாகக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டி, பின்னாளில் 1966இல் நோபல் பரிசு பெற்றவர் ஹக்கின்ஸ். அங்கேயே தங்கிவிடச் சொன்ன அவருடைய அழைப்பை ஏற்காமல் 1948 இறுதியில் வூ நாடு திரும்பினார். பெய்ஜிங்கில் அவருடைய சிறுநீரகப் பிரிவு மூன்றே மூன்று படுக்கைகளோடு தொடங்கியது.

அவருக்குப் பெரும்பெயர் தேடித்தந்தது காசநோய் ஆய்வுதான். சிறுநீரகக் காசநோய் அந்நாளில் சீனாவில் பரவலாக இருந்தது. ஒரு சிறுநீரகம் மட்டும் கெட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு நோயாளியைப் பிழைக்க வைக்கலாம். இரண்டும் பழுதுபட்டிருந்தால் மருத்துவர்கள் கைவிரித்துவிடுவார்கள். அப்படிக் கைவிடப்பட்ட எல்லாருக்கும் உண்மையிலேயே இரண்டு பக்கமும் காசநோய்தானா என்ற சந்தேகம் வூவுக்கு எழுந்தது. பழைய நோயாளிகளின் பதிவேடுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

அவர்களில் சிலருக்கு மறுபக்கச் சிறுநீரகத்தில் காசநோய் இல்லை என்று தெரிந்தது. நடந்தது இதுதான். நோயுற்ற சிறுநீரகத்திலிருந்து கிருமி சிறுநீரோடு இறங்கிச் சிறுநீர்ப்பையைத் தாக்குகிறது. புண்பட்ட பை தழும்பேறிச் சுருங்குகிறது. மறுபக்கச் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பைக்குள் திறக்கும் வாயும் அதனால் குறுகிப்போகிறது. வழியில்லாத சிறுநீர் மேலே தேங்கி, நல்ல சிறுநீரகத்தை வீங்க வைக்கிறது. அது வேலை செய்யாததைப் பார்த்து அதிலும் காசநோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அடைப்பை நீக்கித் தேங்கிய நீரை வடியவிட்டு, நோயுற்ற சிறுநீரகத்தை அகற்றினால் இந்த நோயாளிகளைக் காப்பாற்ற முடியும் என்று வூ விளக்கினார். 1954இல் அந்த ஆய்வு வெளிவந்தது. புதிய கருவியோ மருந்தோ இல்லை. கைவிடப்பட்டவர்களின் பதிவேடுகளை மறுபடி புரட்டியதில் கிடைத்த பலன் இது.

ஆண்களின் கருத்தடை அறுவையிலும் அவர் ஒரு சிறிய, பயனுள்ள மாற்றம் செய்தார். விந்துக்குழாயை வெட்டிய பிறகும், வெட்டுக்கு அப்பால் ஏற்கெனவே தங்கியுள்ள உயிரணுக்களால் சில காலம் கருத்தரிக்க வாய்ப்புண்டு. அறுவையின்போதே அந்தப் பகுதிக்குள் உயிரணுக்களைக் கொல்லும் மருந்தைச் செலுத்தி அந்த ஆபத்தைக் குறைத்தார்.

சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் சில வகைக் கட்டிகள் வந்தால் ரத்த அழுத்தம் கடுமையாக ஏறும். 1960இல் அதே அறிகுறிகளோடு வந்த ஒருவருக்கு அறுவை செய்தபோது கட்டியே இல்லை. சுரப்பியின் உட்பகுதி மட்டும் பெருத்திருந்தது. வூ அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, இது தனி நோய் என்று நிலைநாட்டினார்.

சீனாவின் முதல் சிறுநீரக மாற்று அறுவையை 1960இல் செய்தவரும் அவரே. பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் நல்ல மருந்துகள் அன்று இல்லாததால் அது நெடுநாள் நிலைக்கவில்லை.

1962இல் இந்தோனேசிய அதிபர் சுகர்ணோவுக்குச் சிகிச்சையளிக்கச் சென்ற சீன மருத்துவக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். சிறுநீர்ப்பைப் புற்றுநோயால் 1976இல் இறந்த சீனப் பிரதமர் சூ என்லாயின் மருத்துவர்களிலும் ஒருவராக இருந்தார். பிற்காலத்தில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் துணைத்தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தது.

1981இல் சீனச் சிறுநீரகவியல் சங்கம் உருவானபோது வூதான் முதல் தலைவர். பாலியல் பற்றி வெளிப்படையாகப் பேசவே தயங்கிய அந்த 1980களின் தொடக்கத்தில் பாலியல் மருத்துவ நூல் ஒன்றைச் சீன மொழியில் கொண்டுவந்தார். வளரிளம் பருவத்தினருக்குப் பாலியல் கல்வி தேவை என்றும் வாதிட்டார். 2011 மார்ச்சில் பெய்ஜிங்கில் காலமானார்.