விழுந்தது கை... பழுது மூளையில்!

"வைத்தியரே, அப்பாவுக்கு நேத்து ராத்திரியே ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துடுச்சு. வாயும் கோணிக்கிச்சு. நல்ல தைலமா ஒண்ணு கொடுங்க!"

சித்த மருத்துவரைத் தேடி இப்படி வருபவர்கள் இன்றும் உண்டு. பக்கவாதம், பாரிச வாயு என்று நாம் சொல்லும் நோய் இது. கை விழுந்ததால் கைக்கு வைத்தியம் கேட்கிறார்கள். ஆனால், கையில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு இருப்பது தலைக்குள்ளே!

சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்களும் உடற்கூறு படித்துவிட்டுத்தான் வருகிறோம். அந்தப் படிப்பு சொல்லும் உண்மையை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

மண்டையைத் திறந்தபோது...

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் ஊரில் வெப்ஃபர் என்றொரு மருத்துவர் இருந்தார். திடீரென்று நினைவிழந்து விழுந்து இறந்துபோனவர்களின் மண்டையைத் திறந்து பார்த்தார். மூளைக்குள் இரத்தம் கொட்டிக் கிடந்தது. மூளைக்குப் போகும் குழாய் அடைபட்டாலும் இதே கதிதான் என்று அவர் சொன்னார். அவருடைய நூல் 1658-ல் வெளிவந்தது. இன்றைக்கும் பக்கவாதம் இந்த இரண்டு வகைதான்: குழாய் அடைப்பு, குழாய் வெடிப்பு. பெரும்பாலானோருக்கு வருவது அடைப்பு.

பேச்சு எங்கே போனது?

1861-ல் பாரிஸில் லெபோர்ன் என்ற நோயாளி இறந்தார். என்ன கேட்டாலும் 'டான், டான்' என்பதுதான் அவர் பதில். மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் வாய் வரவில்லை. டாக்டர் ப்ரோகா அவருடைய மூளையை எடுத்துப் பார்த்தார். இடது முன்பகுதியில் ஓரிடம் அழிந்திருந்தது. அதே ஆண்டில், ஒரு சில சொற்களே பேசிய இன்னொரு முதியவரின் மூளையிலும் ஏறக்குறைய அதே இடம்தான் பழுது.

1874-ல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நோயை விளக்கினார். பேச்சு சரளமாக வரும். ஆனால் அர்த்தம் இருக்காது. பிறர் சொல்வதும் புரியாது. பழுது இடது பக்கம், காதுக்கு நேர் உள்ளே, சற்றுப் பின்னால்.

ஆகவே, "பேச்சே இல்ல, புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். பேச முடியாதவருக்கு நீங்கள் பேசுவது புரியலாம். அவர் எதிரில் யோசித்துப் பேசுங்கள்!

எதிர்ப் பக்கம் ஏன் விழுகிறது?

மூளையிலிருந்து இறங்கும் நரம்பு இழைகளில் பெரும்பாலானவை, கழுத்துக்குச் சற்று மேலே முகுளத்தில் பக்கம் மாறுகின்றன. அதனால்தான் இடது மூளை கெட்டால் வலது கை, கால் விழுகிறது. பேச்சின் இடமும் பெரும்பாலோருக்கு இடது மூளையில்தான். வலது பக்கம் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் போவது இதனால்தான்.

வாடிய பயிரும் கருகிய பயிரும்

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால், உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் சுமார் 20 சதவீதம் அதற்கே வேண்டும். சேமித்து வைக்கும் வழக்கமும் கிடையாது!

வாய்க்கால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? சில பயிர் உடனே கருகிவிடும். பக்கத்துப் பயிர் வாடி நிற்கும். கருகியது நிமிராது, வாடியது, தண்ணீர் வந்தால் நிமிரும். மூளையும் அப்படித்தான். அடைப்பின் மையத்தில் உள்ள செல்கள் சில நிமிடங்களில் இறக்கின்றன. சுற்றியுள்ளவை வேலையை நிறுத்திவிட்டு உயிரோடு காத்திருக்கின்றன. பெரிய குழாய் அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று 2006-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய கட்டியானால், மெல்லிய குழாயைச் செலுத்தி இழுத்தெடுக்கும் சிகிச்சை உண்டு; சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதற்கு வாய்ப்பிருக்கிறது. அதே ஊசியை வெடிப்பு உள்ளவருக்குப் போட்டால் ஆபத்து! எந்த வகை என்று நாடி பார்த்தோ முகம் பார்த்தோ உறுதியாகச் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது

* வாய் கோணல், கை தொங்குதல், பேச்சுக் குழறல் - இவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே போங்கள்.
* கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துச் சொல்லுங்கள். விடிந்து பார்த்த நேரம் அல்ல. நல்லபடியாகப் படுத்த நேரம்.
* தண்ணீர், காபி, கஷாயம் எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும்.
* மாத்திரையும் வேண்டாம். விரல் நுனியில் ஊசி குத்தும் வேலையும் வேண்டாம்.
* சில நிமிடத்தில் தானாகச் சரியானாலும் விட்டுவிடாதீர்கள். அது எச்சரிக்கை மணி!

"அப்போ சித்த மருத்துவத்துக்கு வேலையே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. ஆபத்துக் கட்டம் தாண்டிய பிறகு, மருத்துவமனை டாக்டரைக் கேட்டுக்கொண்டு, உடற்பயிற்சி சிகிச்சையோடு தொக்கணத்தைத் துணையாகச் செய்துகொள்ளலாம். இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. அழுத்தம், சர்க்கரை, புகை - இந்த மூன்றையும் அடக்கி வைத்தால் மறு தாக்குதலுக்கான வாய்ப்பு பெரிதும் குறையும்.

தைலம் அடுத்த மாதம்கூடக் கிடைக்கும். அந்த நாலரை மணி நேரம் திரும்பக் கிடைக்காது. முதலில் ஆஸ்பத்திரி, எங்களிடம் பிறகு வாருங்கள்!