ஆதார் எண் தெரிந்தவரெல்லாம் போலீஸ் அல்ல

கூரியர் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஓர் அழைப்பு. உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். அடுத்து வாட்ஸ்அப் வீடியோவில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர். உங்கள் ஆதார் எண்ணையும் முகவரியையும் பிசகாமல் வாசிக்கிறார். "நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது. சரிபார்ப்பதற்காக உங்கள் பணத்தை நாங்கள் தரும் கணக்குக்கு மாற்றுங்கள்" என்கிறார்.

இதில் சேமிப்பைப் பறிகொடுத்தவர்களில் மருத்துவர்களும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் உண்டு. படிப்புக் குறைவோ பேராசையோ காரணமில்லை. எண் சரியாக இருக்கிறது, ஆகவே இவர் நிஜப் போலீஸ்தான் என்று கேட்பவர் மனமே முடிவுகட்டிவிடுகிறது. தானே கட்டிய முடிவு என்பதால் அதைச் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை.

அந்த இடத்தில் நின்று கேளுங்கள்: இந்த எண் வேறு யாரிடமெல்லாம் இருக்கும்? சிம் கார்டு வாங்கிய கடை, தங்கிய லாட்ஜ், ஜெராக்ஸ் கடை, கடன் செயலி. எண் சரியாக இருப்பதால் தெரிவது ஒன்றுதான்: அது அவர் கைக்குப் போயிருக்கிறது. அவர் யார் என்பது அதிலிருந்து தெரியாது. அடுத்து, நிஜ அதிகாரி இப்படி நடந்துகொள்வாரா என்றும் கேளுங்கள்.

மாட்டார். கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, கைது விவரத்தை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவித்தாக வேண்டும். 'யாரிடமும் சொல்லாதே' என்பது இந்த உரிமையையே பறிக்கிறது. அதே சட்டத்தின் 35-வது பிரிவின் கீழ் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டிஜிட்டல் கைது என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. பணத்தைச் 'சரிபார்க்க' வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் அதிகாரமும் யாருக்கும் இல்லை.

அழைப்பைத் துண்டியுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால், அவர் தரும் எண்ணை விட்டுவிட்டு, உங்கள் பகுதிக் காவல் நிலையத்தை நீங்களே அழையுங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்து, வங்கிக்கும் சொல்லுங்கள். அந்தப் பணம் பல கணக்குகளுக்கு வேகமாகத் தாவும். அதற்கு முன் முடக்கினால்தான் மீட்க வழி இருக்கும். பரிவர்த்தனை எண், அழைத்த எண், ஸ்கிரீன்ஷாட்டுகள் எதையும் அழிக்காதீர்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. வீட்டிலிருப்பவர்களே, ஏமாந்தவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் 1930-ஐ அழுத்துங்கள்.