காற்று ஒழுகும் வீடுகள்

திண்டுக்கல்லில் வீட்டுக்குள் டக்ட் போட்டுக் குளிர்காற்று அனுப்புகிறவர்கள் அரிது. ஆனால் வேடசந்தூர் பக்கம் ஏதாவது ஒரு நூல் மில்லுக்குள் போயிருந்தால் டக்டைப் பார்த்திருப்பீர்கள். தலைக்கு மேலே, ஆள் நுழைந்து தவழும் அளவுக்குத் தகரப் பெட்டி, டிபார்ட்மென்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடும். அதற்குள் டார்ச்சோடு போய் ஜாயின்ட் ஜாயின்டாகத் தடவிப் பார்த்து ஓட்டை அடைப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. மில்லில் காற்றை ஈரப்படுத்தி அனுப்பும் பிளான்டை ஹெச்-பிளான்ட் என்பார்கள், நான் அதன் ஃபிட்டர். ஓய்வு பெற்றபின், ஊரில் பழைய வீடுகளில் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று யாராவது கூப்பிட்டால் போய்ப் பார்க்கிறேன். போன வீடுகளில் பாதிக்கு மேல் மெஷினில் கோளாறே இல்லை. காற்றுதான் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

மில்லில் அந்தக் காற்றுக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பஞ்சு ஈரத்துக்கு அடங்குகிற சரக்கு. ஸ்பின்னிங்கில் காற்றின் ஈரப்பதம் 55லிருந்து 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நூல் பொடுக் பொடுக்கென்று அறும், பஞ்சுத் தூசி பறக்கும், சைடர் பெண்கள் அறுந்த நூலை ஒட்டி ஒட்டியே ஓய்ந்துபோவார்கள். மேலே போனால் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். அதனால் காற்றை ஃபில்டரில் வடிகட்டி, தண்ணீர் பீய்ச்சும் அறை வழியாக இழுத்து, பெரிய ஃபேன் வைத்து டக்டுக்குள் தள்ளுகிறார்கள். மேலிருந்து இறங்கும் காற்று மெஷினுக்கு அடியில் தரைக்குள் இருக்கும் கால்வாய் வழியாகத் திரும்பிப் போகும். ஏசியின் கதையே இப்படித்தான் தொடங்கியது. 1902இல் கேரியர் என்ற பொறியாளர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக் காகிதத்துக்காக அதை வடிவமைத்தார். 1906இல் ஸ்டூவர்ட் கிராமர் அமெரிக்க நூல் மில்களுக்காக அதே வழியில் வேலை செய்துகொண்டிருந்தார். மனிதர் சுகமாகத் தூங்குவதற்கு அது வந்தது பிற்பாடு.

டக்டில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? கடைசி மெஷினுக்குக் காற்று எட்டாது. உடனே ஃபேன் வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள். இதில்தான் கணக்கு இடிக்கிறது. ஃபேனின் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் மின்சாரம் பத்து சதவீதம் கூடுவதோடு நிற்காது, முப்பத்து மூன்று சதவீதம் கூடும். வேகத்தின் மும்மடிப் பெருக்கம் அது. கோவையில் 1956இல் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆய்வு நிறுவனம் மில்களின் மின்செலவை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்க்கும்போது இந்தக் காற்று பிளான்டையும் விடாமல் பார்ப்பது இதனால்தான்.

ஓட்டையில் இரண்டு சாதி உண்டு. ஃபேனுக்கு முன்னால், தள்ளுகிற பக்கத்தில் இருப்பது காற்றை வெளியே விடும். கையை நீட்டினாலே சில்லென்று தெரியும், சில சமயம் விசில் அடிக்கும். இது யோக்கியமான ஓட்டை, தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். மற்றது ஃபேனுக்குப் பின்னால், உறிஞ்சுகிற பக்கத்தில் இருப்பது. அங்கே ஒன்றும் வெளியே வராது. வெளியில் இருக்கிற சூடும் தூசியும் சத்தமில்லாமல் உள்ளே போகும். அதைக் கண்டுபிடிக்க ஒரே அடையாளம், ஜாயின்ட் ஓரத்தில் வெளிப்புறம் மீசை மாதிரி ஒட்டியிருக்கும் பஞ்சு. அந்த மீசையைத் துடைத்துவிட்டு மறுநாள் வந்து பாருங்கள், அதே இடத்தில் மறுபடி முளைத்திருக்கும். புதுசாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டியது இதைத்தான்.

இனி வீட்டுக்கு வருவோம். நாகல் நகரில் ஒரு மச்சு வீடு. தேக்குச் சட்டம், செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ், ஒன்றரை அடிச் சுவர். கீழே ஓர் அறைக்கு ஏசி மாட்டியிருந்தார்கள்.

"ஒன்றரை டன் மாட்டியும் சித்திரை வெயிலுக்குக் குளிரலண்ணே. கட் ஆகவே மாட்டேங்குது. ரெண்டு டன்னா மாத்திருங்கன்னு சொல்றாங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

"மாத்தலாம்மா. அதுக்கு முன்னாடி சாமி ரூம்ல இருந்து ஒரு ஊதுபத்தி எடுத்துட்டு வாங்க" என்றேன்.

இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். காற்று அடிக்காத நேரமாகப் பார்த்து ஏசி, சீலிங் ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அறைக்குள்ளேயே குளியலறை இருந்தால் அதன் கதவைத் திறந்து வைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, மற்ற கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிடுங்கள். ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்பச் சந்துபொந்து வழியாக வெளிக்காற்று நுழையும். ஊதுபத்தியை ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்தினால், ஓட்டை இருக்கும் இடத்தில் நேராகப் போகிற புகை சட்டென்று அறைப் பக்கம் மடங்கும். (திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.) வெளிநாடுகளில் இதையே வாசற்கதவில் பெரிய ஃபேனைப் பொருத்தி, காற்றழுத்த வித்தியாசத்தை 50 பாஸ்கலில் நிறுத்தி, வீடு எவ்வளவு ஒழுகுகிறது என்று அளக்கிறார்கள். நமக்கு அளவு வேண்டாம், இடம் தெரிந்தால் போதும்.

அந்த வீட்டில் புகை முதலில் மடங்கியது வென்டிலேட்டரில். பழைய வீடுகளில் விட்டத்துக்குக் கீழே ஒரு சதுரம் விட்டுக் கம்பி போட்டிருப்பார்கள், கதவு இருக்காது. சூடான காற்று மேலே ஏறி அது வழியாகப் போகட்டும் என்று கட்டியவர்கள் யோசித்து வைத்தது. ஏசி போட்டதும் அதே ஓட்டை எதிரியாகிவிடுகிறது. குளிர்காற்று கனமானது, தரையில் தேங்கிக் கதவின் அடிச்சந்து வழியாக வழிந்து போகும். போன அளவுக்கு மேலே வென்டிலேட்டர் வழியாக வெயில் காற்று இறங்கும். மேலும் கீழுமாக இரண்டும் திறந்திருந்தால் எத்தனை டன் போட்டாலும் பத்தாது. நிறையப் பேர் வென்டிலேட்டரில் தெர்மாகோல் அட்டையைச் செருகி டேப் ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆசாரியைக் கூப்பிட்டு, கண்ணாடி போட்ட சின்னக் கதவு ஒன்று கீலில் மாட்டச் சொல்லுங்கள், ஓரத்தில் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். சாயங்காலம் சிறுமலைப் பக்கமிருந்து காற்று வருகிற நாளில் ஏசியை நிறுத்திவிட்டு அதைத் திறந்துகொள்ளலாம். கட்டியவர் கொடுத்த வசதியை நிரந்தரமாகக் குருடாக்க வேண்டியதில்லை.

அடுத்தது பைப் ஓட்டை. செம்புக் குழாயும் வயரும் தண்ணீர்க் குழாயும் போக மெக்கானிக் சுவரில் மூன்று அங்குலத்துக்குத் துளை போடுவார். சிமென்ட் சுவரில் அது துளையாகவே நிற்கும். பழைய சுண்ணாம்புச் சுவரில் டிரில் அதிர்ச்சிக்கு உள்ளே இருக்கும் காரை உதிர்ந்து, பார்க்கச் சின்னதாக இருந்தாலும் நடுவில் குகையாகிவிடும். அந்த வீட்டில் இன்டோர் யூனிட்டுக்குப் பின்னால் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். அதை இழுத்ததும் கூடவே எறும்பு மண் கொட்டியது. தாளை எடுத்துவிட்டு, துளை வெளிப்பக்கம் சரிகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, உள்ளே பியூ ஃபோம் அடித்து, அது இறுகியதும் மிச்சத்தை வெட்டிவிட்டு, வெளிவாயைச் சுண்ணாம்புக் கலவையால் பூசினோம். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்டை அப்பினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று பக்கத்துப் பூச்சைத் தின்னும். கொத்தனார் சிமென்ட்தான் கெட்டி என்பார், கேட்காதீர்கள்.

ஜன்னலுக்கு வேறு வைத்தியம். ஐப்பசி மழையில் மரம் ஊறி ஜன்னல் இறுகும், ஆசாரி வந்து இழைத்துக் கொடுப்பார். பங்குனியில் மரம் காய்ந்து சுருங்கும்போது இழைத்த அளவுக்கு இடைவெளி விழும். இப்படி ஐம்பது அறுபது வருஷம் இழைத்த ஜன்னலில் விரல் நுழையும். மரம் அசைகிற சாமான் என்பதால் அங்கே புட்டி, எம்-சீல் போன்ற இறுகுகிற எதுவும் நிற்காது, ஒரே மழையில் விரிசல் விடும். அமுங்கி எழுகிற ரப்பர் பீடிங்கோ ஃபோம் டேப்போதான் சரி. சட்டமும் சுவரும் சேருகிற கோட்டில் மட்டும் அக்ரிலிக் சீலன்ட் போடலாம், அதன்மேல் பெயின்ட் பிடிக்கும். சிலிக்கான் மேல் பிடிக்காது. கதவின் அடியில் பிரஷ் வைத்த பட்டி ஒன்று. நாகல் நகர் வீட்டில் இவ்வளவுதான் செய்தோம். அதே ஒன்றரை டன் இப்போது ராத்திரி கட் ஆகிக் கட் ஆகி ஓடுகிறது.

ஓட்டு வீடு இன்னும் சிரமம். நாட்டு ஓடோ சீமை ஓடோ, இடுக்கு இல்லாமல் வேய முடியாது. ஓட்டையே அடைக்கிறேன் என்று கூரை மேல் ஏறி சிமென்ட் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீண் வேலை, ஓட்டுக்கும் கேடு. அடைக்க வேண்டியது ஓட்டுக்குக் கீழே போடும் ஃபால்ஸ் சீலிங்கை. அது சுவரைத் தொடுகிற நாலு ஓரம், ஃபேன் ராடு இறங்கும் துளை, லைட்டுக்கு வெட்டிய வட்டங்கள், வயர் வரும் பைப்பின் வாய், இவையெல்லாம் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். ஆடிக் காற்று முடிந்ததும் சீலிங் ஓரத்தை அண்ணாந்து பாருங்கள். கறுப்பாகக் கோடு போட்ட மாதிரி புழுதி படிந்திருந்தால் காற்று அங்கே போய்வருகிறது என்று அர்த்தம். மில்லில் பஞ்சு காட்டியதை வீட்டில் புழுதி காட்டுகிறது. சீலிங்கை இறுக்கியபின் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் வெளி காற்றோட்டமாகவே இருக்கட்டும், வெயில் சூடு வெளியே போக அதுதான் வழி.

மழைக்காலத்துக்கு இன்னொரு அடையாளம் சொல்கிறேன். ஏசியின் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே வாளி வையுங்கள். போட்ட புதிதில் அறையில் இருக்கும் ஈரம் இறங்குவதால் வேகமாகச் சொட்டும். அடைப்பான அறை என்றால் போகப் போகக் குறைய வேண்டும், தூங்குகிறவர்களின் மூச்சும் வேர்வையும் மட்டும்தான் பாக்கி. விடிய விடிய ஒரே வேகத்தில் சொட்டினால் வெளி ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்க ஏசி ஏறக்குறைய கால் யூனிட் மின்சாரம் தின்னும். நாலைந்து லிட்டர் வீணாகச் சொட்டினால் ஒரு யூனிட் அதற்கே சரி. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுகிற நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி வருகின்றன. ஓட்டை அடைத்த அறையில் அந்த 24 போதும். ஒழுகுகிற அறையில்தான் ரிமோட்டை 18க்கு அழுத்துகிறோம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் அமெரிக்காவில் பழைய வீடு வாங்கிவிட்டு போனில் என்னிடம் கேட்பதுண்டு. அங்கே நிஜமாகவே வீட்டுக்கு வீடு டக்ட், அதுவும் பரணிலோ தரைக்கு அடியிலோ. சாதாரணமாக ஒரு வீட்டில் டக்டுக்குள் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வழியிலேயே தொலைகிறது என்று அந்நாட்டு அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் சொல்கிறது. அவர்களிடம் நான் சொல்வது, துணி டேப்பைச் சுற்றாதீர்கள் என்பதுதான். 1998இல் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் ஷெர்மனும் இயான் வாக்கரும் சூடும் குளிருமாக மாற்றி மாற்றிக் காற்றைச் செலுத்திப் பல வகை டேப்புகளைச் சோதித்தார்கள். படுமோசமாகத் தோற்றது டக்டின் பெயரிலேயே விற்கிற அந்தத் துணி டேப்தான். சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும். எங்கள் மில்லிலும் அது தாங்கியதில்லை. முதலில் தளர்ந்த ஸ்க்ரூவை இறுக்கி, கம்பி பிரஷ்ஷால் தூசியை எடுத்து, ஃபைபர் வலை வைத்து மாஸ்டிக் பூச வேண்டும். கை எட்டாத டக்டுக்கு, எல்லா வாயையும் மூடிவிட்டுப் பசைத் துகள்களைக் காற்றோடு உள்ளே ஊதும் முறை இருக்கிறது. ஓட்டையின் விளிம்பில் துகள் ஒட்டி ஒட்டித் தானாக மூடிக்கொள்ளும். அதே பெர்க்லியில் மார்க் மொடேரா 1990களில் கண்டுபிடித்தது.

அடைக்கக் கூடாத இடங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். கேஸ் கீசர் இருக்கும் குளியலறையின் வென்டிலேட்டரை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். காற்று பத்தாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிக்கப் போனவர் திரும்பி வராத வீடுகள் உண்டு. அப்படிக் கீசர் உள்ள குளியலறையின் ஃபேனை வைத்து ஊதுபத்திச் சோதனையும் வேண்டாம். அடுப்படிக்கும் இதே சட்டம்தான். நாலைந்து பேர் ஒரே ஏசி அறையில் படுக்கிற வீடுகளில் எல்லாச் சந்தையும் அடைத்தபின் காலையில் தலை கனத்தால், படுப்பதற்கு முன் கால் மணி நேரம் கதவைத் திறந்து வையுங்கள், ராத்திரியில் வென்டிலேட்டர் கதவை ஓர் அங்குலம் விட்டு வையுங்கள். அந்த ஓர் அங்குலம் நாமாக விட்டது, வேண்டாதபோது சாத்திக்கொள்ளலாம்.

இந்த வேலைக்கு நல்ல மாதம் மாசி. மரம் காய்ந்து இடைவெளி முழுசாகத் தெரியும், ஆசாரியும் கொத்தனாரும் கூப்பிட்டால் வருவார்கள், ஏசி கடையில் கூட்டம் சேர்ந்திருக்காது.