எலும்புகள் கூறும் வரலாறு



சென்ற ஆண்டு நம் பள்ளிக் காய்கறித் தோட்டத்தில் பாத்தி வெட்டியபோது, 5ஆம் ஆண்டு மாணவர்கள் மண்ணிலிருந்து ஓர் எலும்பை எடுத்து வந்து, "ஐயா, இஃது எந்த விலங்கின் எலும்பு?" என்று வினவினர். அது மாட்டின் குளம்பிற்குச் சற்று மேலே அமைந்த விரலெலும்பு. அதன் விளிம்பெங்கும் முள்முள்ளாகப் புடைப்புகள் காணப்பட்டன. அருகில் நின்ற தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "முன்னே இங்கேதான் வண்டிமாட்டுக் கொட்டகை இருந்தது வாத்தியாரையா. பாரம் இழுத்த மாடாக இருக்கும்" என்றார். அவர் கூற்று பொருந்துமா என ஆராய்ந்தபோது நாம் அறிந்தவற்றை ஈண்டு உங்களுக்கு எடுத்துரைக்கின்றோம்.

பண்டைய மக்கள் வாழ்ந்த இடங்களை அகழும் தொல்லியலார், பானை ஓடுகளோடு விலங்கு எலும்புகளையும் ஏராளமாகக் கண்டெடுக்கின்றனர். அவற்றில் காணும் நோய்க்குறிகளையும் காயத் தழும்புகளையும் ஆராய்வது ஒரு தனித் துறையாகவே வளர்ந்துள்ளது. ஜான் பேக்கர், டான் பிராத்வெல் ஆகிய இருவரும் தொல்லியலில் விலங்கு நோய்களைப் பற்றி 1980ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட ஆங்கில நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று.

எலும்பு உயிருள்ள பொருள் என்பதை நாம் முதலில் உணர வேண்டும். முறிந்த எலும்பைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்து, முறிவை இணைக்கின்றது. அவ்வாறு இணைந்த தழும்பு இருப்பின், அவ்விலங்கு அடிபட்ட பின்னும் வாரக்கணக்கில் உயிர் வாழ்ந்தது என்பது தெளிவு. மூட்டுகளுக்கு இடையேயுள்ள குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால், எலும்போடு எலும்பு உராய்ந்து தந்தம்போலப் பளபளக்கும். பல் உருவாகும் பருவத்தில் கடும்நோயோ பட்டினியோ நேர்ந்தால், பல்லின் மேற்பூச்சில் கோடுகளும் பள்ளங்களும் விழுந்துவிடும். அவை பின்னர் மறைவதில்லை.

ஏர் இழுத்த மாட்டையும் பாரம் சுமந்த மாட்டையும் எலும்பைக் கொண்டு அறிய இயலுமா? இதனை அறிய விரும்பிய பார்டோசியேவிச் முதலிய ஆய்வாளர்கள், ருமேனியா நாட்டில் உழைத்து முதிர்ந்த எருதுகளின் கால் எலும்புகளை, உழைப்பறியாத இளங்காளைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டனர். உழைத்த எருதுகளின் விரலெலும்புகள் அகன்றும், விளிம்பில் புடைத்தும் இருந்தன. இவ்வாய்வு 1997ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது.

ஆயினும், முதுமையாலும் உடற்பருமனாலும் இத்தகைய மாற்றங்கள் நேரலாம். நாய் கடித்த தடமும், மண்ணரிப்பும், வேர் பதிந்த சுவடும்கூட நோய்க்குறிபோல் தோன்றி நம்மை ஏமாற்றும். விரைவில் உயிரைப் பறிக்கும் காய்ச்சலோ எலும்பில் சுவடே பதிப்பதில்லை. ஆகவே, ஒரே ஓர் எலும்பைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. பெரியவர் கூற்று உண்மையாக இருக்கலாம். உறுதி என்று நாம் எழுத இயலாது. இதுவே அறிவியல் நமக்குக் கற்பிக்கும் அடக்கம்.

எலும்புகள் உழைப்பை மட்டுமன்று, அன்பையும் எடுத்துரைக்கின்றன. ஜெர்மனியில் பான் நகரைச் சேர்ந்த ஓபர்காசல் என்னுமிடத்தில், 1914ஆம் ஆண்டு கல் உடைக்கும் தொழிலாளர்கள் ஒரு புதைகுழியைக் கண்டனர். அஃது ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதில் ஓர் ஆடவர், ஒரு பெண் ஆகியோரோடு ஒரு நாயின் எலும்புகளும் பற்களும் கிடந்தன. கால்நடை மருத்துவரான லூக் ஜான்சென்ஸ் முதலியோர் அப்பற்களை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். இறக்கும்போது அந்நாய்க்குட்டிக்கு வயது ஏறக்குறைய 7 மாதமே. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, டிஸ்டெம்பர் எனப்படும் கொடிய தொற்றுநோய் அதனைப் பற்றி மீண்டும் மீண்டும் வருத்தியிருக்க வேண்டும் என்பது அவர்தம் கருத்து. நீரூட்டி, உணவூட்டி, குளிர் தாக்காமல் காத்து, தூய்மை செய்தவர் இல்லையேல் அக்குட்டி அத்தனை நாள் பிழைத்திராது என்கின்றனர். நோயுற்ற குட்டியால் வேட்டைக்கும் பயனில்லை, காவலுக்கும் பயனில்லை. பயன் கருதாமலே அம்மக்கள் அதனைப் பேணினர் போலும்!

எழுத்தறியாத அம்மக்களிடம் இருந்த இரக்கம், பள்ளி சென்று பயிலும் நம்மிடம் உண்டா? கன்றை இழந்த பசு, ஆராய்ச்சி மணியை அசைத்து மனுநீதிச் சோழனிடம் முறையிட்ட கதையை நாம் அறிவோம். நம் வீட்டுப் பசுவுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் அத்தகைய மணி இல்லை. அவை நொண்டும்போதும், தீவனம் மறுத்து ஒதுங்கி நிற்கும்போதும், நாமே கண்டுணர்ந்து கால்நடை மருத்துவரை நாட வேண்டும். நாம் செய்யும் நன்மையும் கொடுமையும் அவற்றின் எலும்பில் பதிந்திருக்கும்.

மாணவர்கள் கண்டெடுத்த அவ்வெலும்பு, கழுவித் தூய்மை செய்யப்பெற்று, நம் பள்ளி அறிவியல் மூலையில் வைக்கப்பட்டுள்ளது. பெற்றோர்கள் பள்ளிக்கு வரும்போது அதனைக் காண வேண்டுகின்றோம். வண்டிமாடு ஓட்டிய காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள், தாம் அறிந்தவற்றை நம் மாணவர்களுக்குக் கூறினால், நாம் பெரிதும் மகிழ்வோம்.