புற்றுக்குப் பதிலாக ஒரு பெட்டி

டொராண்டோவில் சமையலறை அலமாரி செய்து பிழைக்கிறவன் நான். மெலமைன், பிளைவுட், பிவிசி என்று பலகைகளை அறுப்பதும் விளிம்பு ஒட்டுவதும்தான் அன்றாட வேலை. தம்பியின் மகள் பால் பைத்தன் ஒன்று வளர்க்கப் போவதாகச் சொன்னபோது வீட்டில் மற்றவர்கள் பாம்பைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதை எதில் வைப்பாள் என்றுதான் யோசனை ஓடியது.

"பெரியப்பா, கண்ணாடித் தொட்டியெண்டால் நாலு பக்கமும் வடிவாத் தெரியுமெல்லோ?" என்றாள்.

"தெரியும் பிள்ளை. பாம்புக்கும் நாலு பக்கமும் நாங்கள்தானே தெரிவம்."

பால் பைத்தன் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. பகலெல்லாம் எலி வளைக்குள்ளும் கைவிடப்பட்ட கரையான் புற்றுக்குள்ளும் சுருண்டு கிடந்துவிட்டு இரவில் வெளியே வரும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை அங்கேயும் உண்டு. புற்றின் மண்சுவர் தடிப்பானது. வெளியே வெயில் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே சூடு சட்டென்று மாறாது. ஈரமும் இருட்டும் நிற்கும். அந்தச் சுவருக்கு ஈடாக எதை வைப்பது என்பதுதான் கேள்வி. பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறு பக்கம் 25 முதல் 27, காற்றில் ஈரப்பதம் 55 முதல் 70 விழுக்காடு வரை வேண்டும். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது. வேண்டியபோது சூட்டுப் பக்கம் போகும், போதுமென்றால் மறு பக்கம் வரும்.

எங்கள் ஊரில் ஜனவரியில் வெளியே உறைபனிக் குளிர். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று காய்ந்து, உதடு வெடிக்கும். ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்குக் கீழே போவது சாதாரணம். அப்படிப்பட்ட அறையில், வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியை வைத்தால் என்ன ஆகும்? கண்ணாடி மரத்தைப் போல ஏழெட்டு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அதன் தடிப்பும் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். பக்கங்களால் சூடு கசிய, ஈரக்காற்று மேலெழுந்து வலை வழியே போய்விடும். சூடு போதாமல் விளக்கு ஓய்வில்லாமல் எரியும். விளக்கு எரிய எரிய இன்னும் காயும். காலையில் தெளித்த தண்ணீர் மாலைக்குள் இருந்த இடம் தெரியாது.

ஈரம் போதாதது பாம்பின் சட்டையில் தெரிந்துவிடும். ஈரம் சரியாக இருந்தால் சட்டை தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாக, உள்புறம் வெளியாகக் கழன்று கிடக்கும். அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தலைப்பகுதியில் இரண்டு சின்ன வட்டங்கள் கண்ணாடி வில்லை மாதிரித் தெரியும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் அந்தச் செதிலும் சட்டையோடு சேர்ந்து கழன்றிருக்கிறது. காய்ந்த பெட்டியில் சட்டை கிழிந்து கிழிந்து வரும், கண் வில்லை கண்ணிலேயே ஒட்டி நிற்கும். அதை நகத்தால் பிடுங்கப் போகக் கூடாது; கண்ணே போய்விடும்.

இதற்காகக் கண்ணாடியே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. பெட்டிக்கு எது நல்லது என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது அவருடைய அறை எப்படிப்பட்டது என்றுதான். சென்னையில் ஒருவர் கேட்டால் என் பதிலே வேறு. அங்கே காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, கோடையில் சூட்டை வெளியே விடுவதுதான் பாடு. அங்கே கண்ணாடியும் வலையும் பொருந்தும், மூன்று பக்கத்தைக் கறுப்புத் தாளால் மறைத்துவிட்டால் போதும். ஆனால் பெட்டிக்கு முன்னால் சட்டம் இருக்கிறது. நாகம், சாரை, மலைப்பாம்பு போன்ற அந்த மண்ணின் பாம்புகளை வீட்டில் வளர்க்க இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தன் போன்ற வெளிநாட்டுப் பாம்பையும் 2024இல் வந்த விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். டொராண்டோவில் 3 மீட்டருக்கு மேல் வளரும் பாம்பினங்களுக்குத் தடை. பால் பைத்தன் பெரும்பாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது.

மெலமைன் என் சோறு. அதைக் குறைத்துப் பேச மனம் வராது, ஆனாலும் சொல்கிறேன். மேலே தெரியும் வெள்ளைத் தோலுக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அறுத்த விளிம்பில்தான் வில்லங்கம். அங்கே தெரிவது மரத்தூளும் பசையும். ஒரு துளி தண்ணீர் நின்றால் குடித்துவிடும். குடித்த இடம் ஊதும், ஊதியது திரும்பச் சுருங்காது. பாம்போ தண்ணீர்ச் சட்டிக்குள் சுருண்டு கிடந்துவிட்டு ஈர உடம்போடு பெட்டி முழுக்க இழுபடும். ஆகவே உள் மூலைகள், விளிம்புகள், ஆணித் துளைகள் எல்லாவற்றையும் சிலிக்கோனால் அடைக்க வேண்டும். குளியலறைக்கென்று விற்கும் சிலிக்கோன் வேண்டாம், அதில் பூஞ்சணக் கொல்லி கலந்திருக்கும். மீன்தொட்டிக்கு உரியதை வாங்கி, பூசி, வினாகிரி மணம் முற்றாகப் போகும்வரை பாம்பை உள்ளே விடாமல் இருக்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் பல வருடம் தாக்குப்பிடிக்கும். இந்தப் பாம்பு இருபது, முப்பது வருடம் வாழக்கூடியது. அவ்வளவுக்கு மெலமைனை நான் நம்ப மாட்டேன்.

மரப்பலகையில் செய்பவர்கள் பைன் அல்லது பிளைவுட் எடுத்து நன்றாக வார்னிஷ் அடிப்பார்கள். இங்கே வேலி அடிக்கும் சீடர் மரம் ஈரத்துக்கும் உளுக்காது. அதனால் ஆசை வரும். தொடவே வேண்டாம். அதன் வாசனை எண்ணெய் மூடிய பெட்டிக்குள் பாம்பின் மூச்சைக் கெடுக்கும்.

கடைசியில் நாங்கள் எடுத்தது 12 மில்லிமீட்டர் நுரை பிவிசி. விளம்பரப் பலகை செய்பவர்கள் பயன்படுத்துவது. தமிழ்நாட்டில் குளியலறைக் கதவாகப் பார்த்திருப்பீர்கள். உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழிகள் என்பதால் சூட்டை விடாது, தண்ணீரையும் குடிக்காது. பாரமும் குறைவு. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று கண்ணாடியில் கட்டினால் 40 கிலோவைத் தாண்டும். இதில் முன்கண்ணாடி நீங்கலாக 20 கிலோ அளவில் நிற்கும். ஆனால் விலை கூட. ஆணியை இறுக்கிப் பிடிக்காது, நீளமான மேற்பலகை நடுவில் தொய்யும், குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். சூடேறினால் இளகும் என்பதால் விளக்கைப் பலகைக்கு ஒட்ட வைக்கக் கூடாது. விளக்கைச் சுற்றிக் கம்பிக் கூடு, அதோடு தெர்மோஸ்டாட். எந்தப் பலகையில் செய்தாலும் இவை இரண்டும் இல்லாமல் நான் வேலையை ஒப்படைக்க மாட்டேன். விளக்கைச் சுற்றிக்கொண்டு உடம்பு வெந்த பாம்புகள் உண்டு.

குட்டியாக இருக்கும்வரை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் துளை போட்டு வைத்தாலே தாராளம். சூடும் ஈரமும் நிற்கும், கழுவ லேசு. பார்க்கத்தான் வடிவில்லை.

முன்பக்கத்துக்கு மட்டும் கண்ணாடி, தம்பி மகளின் ஆசைக்காக. ஒன்றையொன்று தாண்டி நகரும் இரண்டு கதவுகள். அவை ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் சின்ன இடைவெளி விழும். இரவில் பாம்பு மூக்கை வைத்துத் தேடுவது அந்த இடத்தைத்தான். குட்டி நுழையும் அளவுக்கு அது இருக்கக் கூடாது. நகைக்கடைக் கண்ணாடி அலமாரிக்குப் போடுகிற பூட்டு ஒன்று இதற்குச் சரியாக வரும். தாழ் போதாது. மூக்கால் நெம்பிக் கதவைத் தள்ளும் அளவுக்குப் பாம்புக்குப் பலம் உண்டு.