சிற்றுண்டியும் சிந்தையும்

கல்வி சிறக்க வேண்டுவன யாவை என்று வினவினால் நல்லாசிரியர், நல்ல நூல்கள், நல்ல வகுப்பறை என்று அடுக்கிக் கூறுவோம். மாணவனின் வயிற்றைப் பெரும்பாலும் மறந்துவிடுவோம். மூளையின் எடை உடலின் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது பெற்றுக்கொள்கிறது. வளரும் குழந்தையிடம் இப்பங்கு இன்னும் மிகுதி. ஆகவே, உணவைப் பற்றிய பேச்சு கல்வியைப் பற்றிய பேச்சேயாகும்.

இனிப்புத் தின்ற குழந்தை அடங்காமல் ஆடும் என்பது பலருடைய நம்பிக்கை. பல சோதனைகளை ஒப்பிட்டு 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, இதற்குத் தக்க சான்றில்லை எனக் கண்டது. அங்ஙனமாயின் நொறுக்குத் தீனியால் விளையும் தீங்கு யாது? அது உணவின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது, அதுவே பெருந்தீங்கு.

காலையில் உண்ணாமல் பள்ளிக்கு வரும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். இடைவேளையில் ஒரு பொட்டலம் வறுவலைத் தின்று, இனிப்புப் பானமொன்றைப் பருகுகிறான். 300 மில்லிலிட்டர் பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கும். பசி அடங்கிவிடுகிறது. நண்பகலில் சோறும் பருப்பும் கீரையும் மீந்துபோகின்றன. வயிறு நிரம்பியது, புரதமும் இரும்புச்சத்தும் வந்து சேரவில்லை.

இரும்புச்சத்துக் குறைந்தால், உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஆற்றல் குருதிக்குக் குறைகிறது. குழந்தை விரைவில் களைப்படையும், கவனம் சிதறும், கேட்ட பாடம் நெஞ்சில் நில்லாது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகை உடையவர்கள். அக்குறையோடு பள்ளிக்கு வரும் குழந்தை ‘மந்தம்’ என்று பெயர் பெற்றுக் கடைசி வரிசைக்குப் போவதுண்டு. சோகை மருந்தால் தீரும். அப்பெயர் எளிதில் தீராது.

நம் மாநிலம் இதனை அறியாததன்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும், 2022-இல் காலை உணவும் பள்ளிகளுக்கு வந்தன. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் அதனைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று 2020-இல் நடுவண் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. ஆனால், புத்தகப் பைக்குள் பொட்டலத்தை வைத்தனுப்பும் வீட்டை எந்த விதியும் எட்டாது.

குழந்தைகளுக்குச் சிற்றுண்டியே ஆகாது என்பதன்று என் கருத்து. சிறு வயிறு ஒரே வேளையில் மிகுதியாகக் கொள்ளாது. இடையே சிறிது உண்பது நன்றே. அவித்த வேர்க்கடலை, பயற்றுச் சுண்டல், பொரிகடலை, எள்ளுருண்டை ஆகியவை நம் வீடுகளுக்குப் புதியன அல்ல. இவற்றோடு ஒரு கொய்யாவோ நெல்லிக்கனியோ சேர்ந்தால், அதிலுள்ள வைட்டமின் ‘சி’, பயறு தரும் இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணைசெய்யும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். பலருக்கு வீட்டில் தம்பி தங்கையர் இருப்பர். பாடத்தில் பின்தங்கும் சிறுவனிடம், “ஏன் படிக்கவில்லை?” என்று கேட்பதற்கு முன், “காலையில் என்ன உண்டாய்?” என்று அன்போடு கேளுங்கள்.